தானே எரிந்தது

எனக்கு எட்டு வயது நடந்த காலம். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒருநாட் காலை, கலசப்பாக்கத்தில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்த ஆண்மகவொன்று, பிறந்து ஒன்பது நாள் முதலாக நான்கு முறை தன்மேனியிலே தானாகத் தீப்பற்றி எரிந்ததென்றும், மூன்று திங்களும் நிரம்பாத அம்மகவைச் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிற் சேர்த்திருக்கின்றனரென்றும் அச்செய்தி கூறிற்று. உலகில் முந்நூறு ஆண்டுகளில் இருநூறு பேர்க்கே இவ்வாறு நிகழ்ந்துள்ளது என்னும் கணக்கொன்றும் உடன் அச்சிடப்பட்டிருந்தது. கேட்டிருந்தோர் ஒருவரை ஒருவர் நோக்கினர். "நம் தெருவில் நடந்ததும் இதுதானே!" என்றார் ஒரு பெரியவர்.

அவர் குறித்தது, அதற்கு முந்திய மார்கழியில் எங்கள் அண்டை வீட்டு ஆயா இறந்த செய்தியை. தனியே வாழ்ந்த அம்மூதாட்டியை ஒரு வைகறையிற் கட்டிலோடு கரிந்தவராகக் கண்டனர். கட்டிலின் நடுப்பகுதி இல்லை. அவருடலின் நடுப்பகுதியும் இல்லை. முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் ஊறின்றிக் கிடந்தன. மூன்று முழம் தள்ளிக் கொடியிற் கிடந்த சேலையிலும் தீப்படவில்லை; கூரையும் வேகவில்லை. நாற்புறமும் எரியாமல் ஒருவர் மட்டும் எரிவது எங்ஙனம் என ஊரார் வியந்தனர். சாபம் என்றார் சிலர். குட்டிச்சாத்தான் என்றார் சிலர். செய்தித்தாள் வந்த பின்னர், சாபத்திற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் கிடைத்துவிட்டது. "ஆயா தானே எரிந்துவிட்டாள்" என்பதே அன்றுமுதல் எங்கள் ஊர் வழக்காயிற்று.

இப்பொழுது இலக்கணம் பயிலும் மாணவனாகிய எனக்கு அத்தொடரின் மீது ஓர் ஐயம் உண்டு. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

எரிந்தாள் என்பது தன்வினை. எரித்தான் என்பது பிறவினை. இடையிலே ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் திரிந்த அளவில், ஒருவர்மேல் நிகழ்ந்த தீங்கு மற்றொருவர் செய்த தீங்காக மாறிவிடுகின்றது. தொழிலொன்று நிகழ்தற்கு வேண்டுவனவற்றைத் தொல்காப்பியர் எட்டாக எண்ணினார்: தொழில், அதனைச் செய்வோன், செய்யப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயன் கருதி என்பது. இவ்வெட்டும் எல்லா வாக்கியத்தினும் வெளிப்பட நில்லா. செய்யப்படுபொருளையே செய்வோன் போலக் கூறுவதும் வழக்கிலுண்டு என அவரே உடன்பட்டார். 'திண்ணை மெழுகிற்று' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்பதைக் கூறுவோனும் அறிவான், கேட்போனும் அறிவான். ஆதலின் ஆங்கு ஒரு தீங்குமில்லை. 'ஆயா எரிந்தாள்' என்ற அளவில் நிற்பினும் தீங்கில்லை. 'தானே' என்னும் ஒரு சொல்லை அதனோடு சேர்த்த அளவில், செய்வோனும் கருவியும் மறைந்திருத்தல் போய், அவ்விரண்டும் இல்லவே இல்லை என்று சாதிப்பதாக முடிகின்றது. அது மெய்யாகக் கூடுமோ என்பதே வினா.

மேனாட்டில் இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. 1725-ஆம் ஆண்டிற் பிரான்சு தேயத்து ரேம்சு நகரில், விடுதி நடத்திய ஒருவருடைய மனைவி சமையற்கட்டில் எரிந்து கிடந்தாள். அவளுடைய தலையின் ஒரு பகுதியும் காலும் சில எலும்புகளுமே எஞ்சின. வேலைக்காரியின்மேல் வைத்த காதலாற் கணவனே கொன்றான் என வழக்காடப்பட்டு அவன் குற்றவாளியெனத் தீர்க்கவும் பட்டான். அவ்விடுதியிற் றங்கியிருந்த லெ கா என்னும் இளம் அறுவை மருத்துவர், இஃது உடலின் உள்ளிருந்தெழுந்த தீயே என்று வாதிட, மேல் மன்றம் அவனை விடுவித்தது. 1731-இல் இத்தாலியிற் செசேனா நகரத்துப் பிரபு குலத்து மூதாட்டியொருத்தி தன் படுக்கையறையிற் சாம்பற் குவியலாகக் காணப்பட்டாள். காலுறை அணிந்த கால்கள் மட்டும் கெடாதிருந்தன. இம்மூதாட்டியின் வரலாற்றை 1745-இல் இலண்டன் அரசவைக் கழகத்தார் தம் வெளியீட்டிலே ஏற்றிக்கொண்டனர். அதன்பின் இஃது அறிஞர்தம் கொள்கையாகவே மதிக்கப்பட்டது.

இவ்வாறு இறந்தோர் பெரும்பாலும் முதியோர், பெண்டிர், உடல் பருத்தோர், குடியர் என்று ஓர் அட்டவணையும் நாளடைவில் வகுக்கப்பட்டது. குடியை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்தார்க்கு இஃது உவப்பாயிற்று. சாராயம் உடலெங்கும் ஊறி நிற்க, ஒரு பொறியால் உடலே விளக்காக எரியும் என்று அச்சுறுத்தும் சிறு நூல்கள் பல வெளிவந்தன. நன்னோக்கமுடைய பொய்கள் நெடுநாள் வாழும். சார்லசு டிக்கன்சு 1852, 1853 ஆகிய ஆண்டுகளிற் பகுதி பகுதியாக வெளியிட்ட 'பிளீக் அவுசு' என்னும் நவீனத்தில், கந்தற் காகித வாணிகனாகிய கிரூக் என்னும் குடியனை இவ்வாறே மாளச்செய்தார். இஃது அறிவியலுக்கு ஒவ்வாது என்று ஜார்ஜ் லூயிசு என்பார் கண்டித்தெழுத, டிக்கன்சு தம் நூன்முகத்தில் முப்பது சான்றுகள் உள என்று கூறித் தம் கொள்கையை விடாது நின்றார். கதை எழுதுவோர்க்கு அத்துணைப் பிடிவாதம் பொருந்தும். வழக்குத் தீர்ப்போர்க்குப் பொருந்தாது.

பொருந்தாமை எத்துணைக் கொடிது என்பதற்கு 1847-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் நிகழ்ந்தது ஒன்று சான்றாகும். கோர்லிட்சு குடும்பத்துச் சீமாட்டி தம் பூட்டிய அறையில் எரிந்து கிடந்தார். முதலிற் பார்த்த மருத்துவர் தன்னெரி எனக் கருதினார். உடல் அடக்கம் செய்யப்பட்டது. வழக்கும் அதனோடு அடங்கியதுபோலும் இருந்தது. பின்னர் அவ்வீட்டுப் பணியாளனொருவன் சீமாட்டியின் கணவருடைய உணவிலும் நஞ்சிட முயன்றமை வெளிப்பட, ஐயம் மீண்டும் எழுந்தது. புதைத்த உடலைத் தோண்டி ஆராய்ந்தனர். 1850-இல் நடந்த விசாரணையில் லீபிக் என்னும் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் சாட்சி கூறி, உடல் தானே எரியும் என்பதை முற்றும் மறுத்தார். பணியாளன் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டான்; சிறையிலே உண்மையையும் ஒப்புக்கொண்டான். ஒரு மருத்துவரின் 'தானே' என்ற சொல்லுக்குப் பின்னே ஒரு கொலைஞன் மறைந்திருந்தனன்.

லீபிக் கூறிய மறுப்பு எளியது. உயிருள்ள உடலிற் பாதிக்கு மேலும் நீரேயாகும். நீர் வற்றும்வரை தசை எரியாது. இனிச் சாராயத்தின் செய்தி. உடற்கூற்றுச் சாலைகளிற் பல்லாண்டு சாராயத்தில் ஊறிய தசைத் துண்டுகளைக் கொளுத்தினாற் சாராயமே எரிந்து தீரும். தசை எஞ்சி நிற்கும். எத்துணைப் பெருங்குடியனும் அவ்வாறு ஊறுவதற்கு முன்னரே நஞ்சேறி இறந்துபடுவான். ஆகவே குடியன் விளக்காக எரிவான் என்ற கொள்கை அன்றே வீழ்ந்தது. எனினும் கதை வீழவில்லை.

அங்ஙனமாயின், வெளியிலிருந்து தீயிடாமலே எரியும் பொருள் உலகில் இல்லையோ எனின், உண்டு. எங்கள் ஊர் உழவர் எவரைக் கேட்பினும் கூறுவர். ஈரம் உலராத வைக்கோலைப் போராக அடுக்கினால், சின்னாட்களில் உள்ளே கைபொறாச் சூடு பிறக்கும். போரைப் பிரித்தால் ஆவி எழும். வைக்கோல் பழுப்பேறிப் புகையிலை நாற்றம் வீசும். நுண்ணுயிர்கள் ஈரவைக்கோலைத் தின்று பெருகும்போது வெப்பம் உண்டாகி எழுபது பாகை வரை ஏறுகின்றது. அதற்குமேல் அவ்வுயிர்களே மாய்ந்துபோம். ஆயினும் அதற்குள் வைக்கோல் காற்றிலுள்ள பிராணவாயுவோடு நேரே கூடிச் சூடேறத் தொடங்கிவிடும். அச்சூடு வெளியேற வழியின்றிப் பல நாள், சிலபோது பல வாரம், திரண்டு ஈற்றில் தீயாகின்றது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிந்தாலும், நிலக்கரியைப் பெருங்குவியலாகக் கொட்டினாலும் இதுவே நிகழும். இவை மூன்றிலும் வேண்டுவன இரண்டு: சிறிது சிறிதாகச் சூடு பிறக்கும் ஓர் இரசாயன மாற்றம், அச்சூடு ஓடிப்போகாதபடி மூடிய நிலை.

மனித உடல் இவற்றிற்கு நேர்மாறாகவே அமைக்கப்பட்டுள்ளது. அதனுள்ளும் சூடு பிறக்கின்றது. உண்ட சோறு எரிந்தே நாம் உலவுகின்றோம். ஆனால் குருதி ஓடி ஓடி அச்சூட்டைத் தோலுக்குக் கொணர்கின்றது. வியர்வை அதனை வாங்கிக்கொண்டு போகின்றது. முப்பத்தேழு பாகையில் நிற்கும் உடல் நாற்பத்திரண்டை எட்டுமுன் உயிர்க்கு ஊறு நேர்ந்துவிடும். கொழுப்புத் தீப்பற்றுதற்கோ இருநூற்றைம்பது பாகையளவு வேண்டும். இடைப்பட்ட இருநூறு பாகையை உள்ளிருந்தே கடக்கும் வழியொன்றும் இதுவரை எவராலும் காட்டப்படவில்லை. வயிற்று வாயு, மின்னேற்றம், உருண்டை மின்னல், பட்டினியாலும் நீரிழிவாலும் உண்டாகும் அசிட்டோன் எனப் பலர் பலவற்றைச் சொல்லிப் பார்த்தனர். இவற்றுட் சில ஒரு பொறியைத் தரவல்லன என்றே கொள்வோம். பொறி வேறு, எரிதல் வேறு. ஓர் உடல் சாம்பலாகும் வரை எரிவதற்கு அவை போதா.

எனினும் எங்கள் தெருவில் நான் கண்ட கட்டில் பொய்யன்று. செசேனா நகரத்துக் காலுறையும் பொய்யன்று. உடல் எரிந்து சாம்பலாகிச் சுற்றியுள்ளவை எரியாதிருப்பது எங்ஙனம்? சுடலையிலே எத்துணை விறகும் வரட்டியும் அடுக்குகின்றோம்! தகன உலைகளில் எண்ணூறு பாகைக்கு மேலும் வெப்பம் தேவைப்படுகின்றதே! ஐயம் நியாயமானதே. விடை, எங்கள் நாட்டு மலையுச்சியில் ஆண்டுதோறும் எரிகின்றது.

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் முடிமேல் ஏற்றப்படும் தீபத்தைப் பல கல் தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்தும் காண்பர். பெரிய கொப்பரையிலே ஆயிரக்கணக்கான கிலோ நெய் வார்த்து, நெடிய காடாத் துணியைத் திரியாக இடுகின்றனர். அது பதினொரு நாள் எரிகின்றது. அக்கொப்பரை நெய்யில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுப் பாருங்கள்; குச்சிதான் அணையும். நெய்யை எரியச் செய்வது துணி. திரியின் நுனியிலுள்ள சுடர் அருகிலுள்ள நெய்யை உருக்குகின்றது. உருகிய நெய் துணியில் ஏறுகின்றது. ஏறியது ஆவியாகி எரிகின்றது. சிறிது சிறிதாக, நெடுநேரம், ஓரிடத்திலேயே எரிவது திரியின் இயல்பு. கொப்பரைக்கு அப்பாலுள்ள புல் தீப்பற்றுவதில்லை.

எரிந்த மனிதரிடத்தும் இதுவே நிகழ்கின்றது என்பதே இற்றைத் தீ ஆராய்ச்சியாளர் கொள்கை. ஆங்கு நெய், உடற் கொழுப்பு. திரி, உடுத்த துணியும் போர்வையும் மெத்தையும். மெழுகுவர்த்தியைத் திருப்பிப் போட்டாற்போலத் திரி வெளியிலும் நெய் உள்ளிலும் அமைகின்றன. தீப் பற்றுவதற்குச் சுருட்டு, கணப்பு, கவிழ்ந்த விளக்கு இவற்றுள் ஒன்று போதும். துணி எரிந்து தோல் வெடித்ததும் கொழுப்பு உருகி வெளிவந்து எஞ்சிய துணியில் ஊறும். 1965-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரத்து மருத்துவ ஆசிரியர் ஜீ என்பார், மனிதக் கொழுப்பைத் தோலிலும் துணியிலும் சுற்றி ஒருமுனையிற் கொளுத்திப் பார்த்தனர். காற்றோட்டத்தில் அது புகைந்து மெல்ல ஒரு மணி நேரத்தில் முழுதும் எரிந்து தீர்ந்தது. திரியிருப்பின் இருபத்துநான்கு பாகையளவில் உள்ள உருகிய கொழுப்பும் எரிந்துகொண்டேயிருக்கும் என்பதையும் அவர் கண்டனர். 1998-இல் அமெரிக்கத் தீ ஆராய்ச்சியாளர் தே ஆன் என்பார், இறந்த பன்றியொன்றைப் போர்வையிற் சுற்றி, அறைபோல அமைத்த ஓரிடத்திற் கிடத்திச் சிறிதளவு பெட்ரோலிட்டுக் கொளுத்தினர். பல மணி நேரம் தாழ்ந்த சுடராய் அது எரிந்தது. எலும்பும் தொட்டால் உதிரும் நிலையை அடைந்தது. அறைப்பொருள்களோ பெரும்பாலும் எரியாது நின்றன. உயரத்திலிருந்த தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் வெப்பத்தால் உருகியது. தகன உலை ஓரிரு மணியிற் செய்வதைத் திரி ஓரிரவிற் செய்கின்றது. வேறுபாடு காலத்திலேயே உளது.

கால்கள் எஞ்சுவதன் காரணமும் இதனால் விளங்கும். முழங்காலுக்குக் கீழே கொழுப்புக் குறைவு. சேலையும் போர்வையும் ஆங்குத் தடித்துக் கிடப்பதில்லை. சுடரும் மேனோக்கியே எழும். நெய்யுமில்லாத, திரியுமில்லாத இடத்தில் விளக்கு எரியாது.

அமெரிக்காவில் 1951-ஆம் ஆண்டு ஜூலையிற் புளோரிடா மாகாணத்தில் மேரி ரீசர் என்னும் அறுபத்தேழு வயது மூதாட்டி இறந்த வகையே இக்காலத்திற் பெரிதும் பேசப்படுவது. காலணியணிந்த ஒரு பாதமும் முதுகெலும்பின் ஒரு கூறுமே எஞ்சின. ஆயினும் முதல்நாளிரவு அவரைக் கண்ட மகன் கூறியது யாது? அவர் தூக்க மருந்து உண்டிருந்தார். எளிதில் தீப்பற்றும் இரவு உடை அணிந்து, பஞ்சு திணித்த நாற்காலியில் அமர்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். கதையாகச் சொல்வோர் பாதத்தைக் கூறி இதனை விட்டுவிடுகின்றனர். பாதத்தைக் கண்டு வியப்போர்க்குச் சிகரெட்டு கண்ணிற் படுவதில்லை. அயர்லாந்தின் கால்வே நகரில் 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு முதியவர் கணப்பருகே எரிந்திறந்தபொழுது, மறு ஆண்டில் அந்நகரத்துப் பிரேத விசாரணை அதிகாரி தன்னெரி என்றே முடிவெழுதினார். கணப்புத்தீ காரணமன்று என்று ஆராய்ந்தோர் கூறினமையின், வேறு விடை தோன்றவில்லை என்பதே அவர் கருத்து. விடை தோன்றாமை ஒரு விடையாகாது; அவ்விடத்தை வெற்றிடமாகவே விட்டிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

இனித் திண்டிவனத்து மகவிற்கு வருவோம். திரி விளக்கம் அதற்குச் சிறிதும் பொருந்தாது. மகவு எரிந்து சாம்பலாகவில்லை. தோலிலே தீக்காயம் பெற்றுப் பிழைத்திருந்தது. தான் பிறப்பித்த தீயென்றால், உடலிலோ வியர்வையிலோ எரியும் பொருளொன்று இருத்தல் வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் அம்மகவைப் பல நாள் வைத்திருந்து குருதியையும் பிறவற்றையும் சோதித்தனர். எரிதற்கேதுவான பொருள் ஒன்றும் காணப்படவில்லை. மருத்துவமனையில் இருந்த நாளில் ஒருமுறையேனும் தீப்பற்றவுமில்லை. தீக்காய மருத்துவத்திற் பேர்பெற்ற அம்மருத்துவமனையின் மருத்துவர்கள், தன்னெரி என்று ஒன்றில்லை என்று வெளிப்படவே கூறினர். பிறரொருவரால் மகவிற்கு ஊறு நேர்ந்திருக்கலாகும் என்பதையும் ஆராய வேண்டும் என்றனர். 2015-ஆம் ஆண்டு ஜனவரியில், அதே குடும்பத்திற் பிறந்த மற்றொரு பச்சிளங் குழவி பாதங்களில் தீக்காயத்தோடு கொணரப்பட்டது. மீண்டும் சோதனை, மீண்டும் அதே முடிவு. அக்குழவியரின் பெற்றோர்மேற் பழிகூற எனக்கு உரிமையில்லை. அவர்களும் ஊராரால் ஒதுக்கப்பட்டுத் துன்புற்றனர். தம் குடிசைகளிலும் தீப் பரவும் என்று அயலார் அஞ்சினராம்! யான் குறிப்பது இவ்வளவே: தீயிட்ட கை எவருடையதாயினும், அக்குழவிகள் அதனை எடுத்துரைக்கும் வாயில்லாதவர்கள். அவர்களுக்காகப் பிறர் வினாவுதல் வேண்டும். 'தானே எரிந்தது' என்று செய்தித்தாள் எழுதிய அன்று, அவ்வினாவின் வாயும் அடைக்கப்பட்டது.

குடிசையும் துணியும் தாமே எரிவதாகக் கூறப்படும் நிகழ்ச்சிகளை நம்மவரிடையே நேரிற்சென்று ஆராய்ந்தவருள் ஆபிரகாம் கோவூர் முதன்மையானவர். கேரளத்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்து, 1928-இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து, 1959-இல் ஓய்வு பெற்றபின் தம் காலமெல்லாம் இலங்கையிலும் இந்தியாவிலும் இவ்வாராய்ச்சியிற் செலவிட்டார். அவருடைய சமயக் கருத்துகளோடு நம்மிற் பலர் உடன்படோம். ஆயினும் அவர் கையாண்ட முறை போற்றத்தக்கது. பேயை ஓட்டுதற்கு மந்திரவாதியை அழையாமல், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் தனித்தனியே அமரவைத்துப் பேசுவார். பன்முறையும், யாராலும் பொருட்படுத்தப்படாத ஓர் இளம்பிள்ளையோ, வாய்விட்டழ இயலாத ஒரு பெண்ணோ அத்தீக்குக் காரணமாயிருப்பதைக் கண்டு, அவர்தம் துயரைத் தீர்க்கவே முயல்வார். தீயிடும் சூழ்ச்சிக்குக் கருவியும் அரிதன்று. வெண்பாசுவரம் என்னும் பொருளை நீருள் வைத்தே காப்பர். நீர் உலர்ந்தாற் கோடைக்காலத்து வெப்பமே அதனைப் பற்றவைக்கப் போதும். இட்டவர் அகன்ற பின்னர் எரிவதால், அது 'தானே' எரிந்தது போலத் தோன்றும்.

நம் நாட்டில் இச்சொல்லுக்கு மற்றொரு கொடிய பயனும் உண்டு. சமையற்கட்டில் மருமகள் எரிந்துபோனாள், அடுப்பு வெடித்தது, சேலை தானே பற்றிக்கொண்டது என்னும் தொடர்களை எத்தனை ஊர்களிற் கேட்டிருக்கின்றோம்! 1983-ஆம் ஆண்டிற் குற்ற விசாரணைச் சட்டத்தைத் திருத்தி, மணமாகி ஏழாண்டிற்குள் ஐயத்திற்கிடமாக இறக்கும் பெண்ணின் உடலை மருத்துவ ஆராய்ச்சிக்கு அனுப்ப விதித்தனர். 1986-இல் வரதட்சணைச் சாவு என்னும் தனிக்குற்றம் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அஃது 80-ஆம் பிரிவாக நிற்கின்றது. அப்பிரிவு சாவின் வகையைக் கூறத் தொடங்குங்கால் முதற்கண் தீக்காயத்தையே பெயர்சொல்லிக் குறிக்கின்றது. வரதட்சணை கேட்டுக் கொடுமை செய்தமை நிறுவப்படின், கணவனும் சுற்றத்தாருமே அச்சாவிற்குக் காரணர் எனக் கொள்ளுமாறு பணிக்கின்றது. இலக்கணம் பயில்வோன் நோக்கில், மறைத்த செய்வோனை மீண்டும் வாக்கியத்தில் நிறுத்தும் சட்டம் அது.

இவற்றையெல்லாம் நூல்நிலையத்திற் படித்து முடித்தபின், சென்ற விடுமுறையில் ஊர்க்குப் போயிருந்தேன். செய்யாற்றில் மணலே ஓடிற்று. சவ்வாது மலைமேல் மேகமூட்டம். ஓர் இரவு அம்மாவிடம் ஆயாவைப் பற்றிக் கேட்டேன். தொல்காப்பியர் கூறிய எட்டினையும் ஒவ்வொன்றாக நிரப்புவதே என் எண்ணம். காலம், மார்கழி இரவு. இடம், கயிற்றுக் கட்டில். அதன்மேல் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த தடித்த மெத்தை. ஆயா பருத்த உடலினர். கால்நோவுக்கும் இடுப்பு நோவுக்கும் நாடோறும் வேர்க்கடலை எண்ணெய் தேய்த்துக்கொள்வார். அவ்வெண்ணெய் மெத்தையெங்கும் ஊறியிருந்தது என அம்மா கூறினார். அன்று மாலை காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு முன்னரே படுத்துவிட்டார். கட்டிலின்கீழே கணப்புச் சட்டி. மலையடிவாரத்து மூதாட்டியர் பலர் அவ்வாறு வைத்துக்கொள்வதே வழக்கம்.

கருவியும் கிடைத்துவிட்டது. செய்வோன் என்னும் இடம் மட்டும் எஞ்சியிருந்தது. நான் அம்மாவை நோக்கிச் சிறிதுபோழ்து பேசாதிருந்தேன். மாலைதோறும் எங்கள் அடுப்பிலிருந்து தணலை வாரிச் சட்டியிலிட்டு ஆயாவின் கட்டிலடியிற் கொண்டுபோய் வைப்பவன் நானே. அதற்குக் கூலியாக ஒரு வெல்லத்துண்டு தருவார். அன்றும் வைத்தேன், அன்றும் வெல்லம் தின்றேன். சாபமென்றும் சாத்தானென்றும் ஊரார் பேசிய பொழுதெல்லாம், எட்டு வயதுப் பிள்ளையாகிய நான் அதனை நம்பவே விரும்பினேன் என்பதை இப்பொழுது உணர்கின்றேன்.

"செய்வோன் என்ற இடத்தில் என் பெயரை எழுதுவதா, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் உடனே விடை கூறவில்லை. பின்னர், "அந்தப் பாயும் எண்ணெயும் எல்லாருக்கும் தெரியும், ஆயாவுக்குப் பக்கத்திலே படுக்க ஒரு துணை வேண்டும் என்று அந்த மார்கழி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பெயரையும் சேர்த்து எழுதப்பா" என்றார்.

எங்கள் வீட்டில் அவ்வாண்டு முதல் கணப்புச் சட்டியைக் கட்டிலடியில் வைப்பதில்லை. குளிர் மிகுந்தால், திண்ணையிலேயே மூட்டிக் காய்ந்துவிட்டு, நீர் தெளித்தபின்னரே உள்ளே போய்ப் படுப்போம்.